இறக்குமதியான தாத்தா

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனி ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். சொன்னால் நமக்கும் ஒரு படிவம் அனுப்பிவிடுவார்கள். அங்கே நாளொன்றுக்குப் பதினோராயிரம் கீல்கள் பிறக்கின்றன, பிறக்கிற ஒவ்வொரு கீலுக்கும் ஜாதகம் உண்டு. எந்த ஷிஃப்டில் பிறந்தது, எந்த மெஷினில் பிறந்தது, அதன் இரும்பு எந்த உலையில் உருகியது, அந்த உலைக்கு மண் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். ஒரு கீலைக் கையில் எடுத்துக் கேட்டால் நான்கே நிமிடத்தில் அதன் பூர்வீகத்தை ஒப்பிப்பார்கள். இதற்கு டிரேசபிளிட்டி என்று பெயர். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் சுப்பராயலு அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது ஷூவைக் கழற்றாத குறைதான்.

ஜனவரி மாதம் வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். ஒரு கீலை எடுத்தார், கேட்டார். நான்கு நிமிடத்தில் சுரங்கம் வரை போய்த் திரும்பினார்கள். மனிதருக்குப் பரம சந்தோஷம். போகிற போக்கில், கீலுக்குள் இரும்புப் பின்னை இறக்கும் பிரஸ் மெஷினில் நின்றுகொண்டிருந்த யாக்கோபைக் காட்டி, “சரி, இவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூட நின்ற மேனேஜர்களும் சிரித்தார்கள். சுப்பராயலு மட்டும் சிரிக்கவில்லை. தணிக்கையாளர் வாயிலிருந்து நகைச்சுவை வராது என்பது இருபத்தாறு வருட அனுபவத்தில் அவர் கண்ட உண்மை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

பத்தாவது நாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. ‘ஆபரேட்டர் டிரேசபிளிட்டி திட்டம்’. லைனில் நிற்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் பூர்வீகத்தை நான்கு தலைமுறைக்கு எழுதித் தர வேண்டும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா. ஒவ்வொருவருக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம்.

மனிதவள மேலாளர் உமாதேவி கேன்டீனில் மைக் பிடித்து விளக்கம் சொன்னார். உமாதேவி எப்போதும் சிரித்த முகமாகவே பேசுவார்.

“நம்ம கம்பெனி பாலிசி உங்களுக்குத் தெரியும். இங்க நாங்க சாதி கேக்கறதே இல்ல. கேக்கறவங்க மேல நடவடிக்கை எடுப்போம். இந்த ஃபார்ம நல்லாப் பாருங்க, சாதின்னு ஒரு கட்டம் எங்கியாவது இருக்கா? இல்ல. தெரு, குலதெய்வம், தாத்தாவோட தொழில் தெரிஞ்சா அது ஒரு ரிமார்க்ஸ். அவ்ளோதான். இன்னொண்ணு, ஒரு கீலுக்கு நாம எவ்ளோ மரியாதை தர்றோமோ அதே மரியாதைய மனுஷங்களுக்கும் தரணும்னு மேனேஜ்மென்ட் முடிவு பண்ணியிருக்கு. எல்லாரும் கை தட்டுங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். டீ பிரேக்கில் ஐந்து நிமிடம்தான் பாக்கி இருந்தது.

யாக்கோபு இந்த அறிவிப்பைக் கேட்டுப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் பின் இறக்குகிறான். மார்ச் முப்பத்தொன்றோடு கான்ட்ராக்ட் முடிகிறது. பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி உமாதேவியின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது என்று நம்பகமான தகவல். அது வராவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி அவன் வெறும் வாலாஜாபாத் ஆசாமி. ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை எந்த கேட்டிலும் முப்பத்தைந்தைத் தாண்டியவனை ஹெல்பராகக்கூட எடுப்பதில்லை. இப்போது, படிவம் முழுமையாக இல்லாதவர்களுக்கு ஆர்டர் கிடையாது என்று அடியில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் பிரவீன்குமார் அரை மணி நேரத்தில் படிவத்தை நிரப்பிவிட்டான்.

“எள்ளுத்தாத்தா வரைக்கும் தெரியுமாடா உனக்கு?” என்று யாக்கோபு வாய் பிளந்தான்.

“தாத்தா பேரு தெரியும்ணா. அதுக்கு மேல எங்க வார்டு கவுன்சிலருங்க பேர வரிசையா எழுதிட்டேன். கட்டம் காலியா இருக்கக் கூடாது, மத்தத எவன் பாக்கப் போறான்?”

யாக்கோபுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம், பயம்தான். கம்பெனிப் படிவத்தில் பொய் எழுதினால் என்றைக்காவது கண்டுபிடித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று நினைப்பவன் அவன். தெரிந்ததை எழுதினான். அப்பா இன்னாசி, வாலாஜாபாத். தாத்தா சவரியான், பாண்டியிலிருந்து 1949-ல் வந்தவர். அதற்கு மேல் இரண்டு வரிசையையும் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டான்.

மறுநாளே சுப்பராயலு கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் யாக்கோபின் படிவம் மட்டும் தனியாக, பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

“என்னப்பா யாக்கோபு, தாத்தா பாண்டின்னு எழுதியிருக்க?”

“ஆமா சார். உள்ளதத்தான் எழுதினேன்.”

“நாப்பத்தொம்போதுல பாண்டி யார் கையில இருந்துச்சு?”

“வெள்ளக்காரன் கையில சார்.”

“எந்த வெள்ளக்காரன்? பிரெஞ்சுக்காரன். அப்ப அது ஃபாரின். ஃபாரின்லேருந்து உங்க தாத்தா இந்தியாவுக்குள்ள வந்திருக்காரு. அப்ப அவரு என்ன?”

யாக்கோபு யோசித்தான். “சமையல்காரரு சார்.”

“இம்போர்ட்டட்பா! இறக்குமதிச் சரக்கு!” சுப்பராயலு மேஜையில் தட்டினார். “உள்ளூர்ச் சரக்குக்கு ஒரு ரூல், இம்போர்ட்டட் சரக்குக்கு வேற ரூல். ஆரிஜின் சர்டிபிகேட் வேணும். அப்ப எல்லையில சுங்கச்சாவடி இருந்துச்சு. எந்தச் சாவடி வழியா வந்தாரு? பில்லு இருக்கா?”

“எங்கம்மா சொல்லும் சார், ராத்திரில வேலி சந்துல பூந்து வந்தாருன்னு.”

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “இத நான் எழுதல. நீ சொல்லல. ஆனா யாக்கோபு, உன்னை நான் ஹோல்ட்ல வெக்க வேண்டியிருக்கு. தப்பா நெனச்சுக்காத, இது சிஸ்டம்.”

சந்தேகத்துக்குரிய சரக்கை வைப்பதற்கென்று ஷாப்பில் ஒரு மூலை உண்டு. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம். முடிவு தெரியும் வரை சரக்கு அதற்குள்தான் இருக்கும், யாரும் எடுக்கக் கூடாது. யாக்கோபுக்கு அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கழுத்தில் மஞ்சள் டேக் தொங்கியது: ‘முடிவு நிலுவையில். உபயோகிக்காதீர்.’ அவனுக்கு முன்பே நவம்பர் மாதத்துக் கீல்கள் இரண்டு பெட்டி அங்கே முடிவுக்குக் காத்திருந்தன. முதலில் வந்தது முதலில் போகும் என்பது விதியாதலால், அந்தப் பெட்டிகளின் கதி தெரிந்த பிறகுதான் யாக்கோபின் கதி. சம்பளம் வரும். வேலை கிடையாது. ஒன்றுக்குப் போக வேண்டுமானால் சரக்கு நகர்வுச் சீட்டில் இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும்.

முதல் நாள் மதியம் கேன்டீனில் தட்டை நீட்டியபோது பரிமாறுகிற கங்கம்மாள் கரண்டியை எடுக்கவில்லை. “உபயோகிக்காதீர்னு போட்டுகீதே ராசா. நான் சோறு போட்டா என் வேல பூடும்” என்றாள். பிரவீன்குமார் இரண்டு தட்டு வாங்கி, ஒன்றைத் தூணுக்குப் பின்னால் கொண்டுவந்து கொடுத்தான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து, துருப்பிடிக்காமல் இருக்க ஹோல்ட் சரக்கின் மேல் பாலித்தீன் ஷீட் போர்த்த வேண்டும் என்றான். “நான் வூட்டுக்குப் போறேன்பா” என்றான் யாக்கோபு. “போ. ஆனா போர்த்தினதா ரிஜிஸ்டர்ல நான் எழுதணும்” என்றான் அவன். யாக்கோபு ஒரு நிமிடம் ஷீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனான். தினமும் அப்படியே செய்தான். ஆறு வருடம் நின்று வேலை செய்த கால்களுக்கு உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான்காம் நாள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து உமாதேவி அவனை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு வெள்ளைப் பலகை முன் நிறுத்தினார். கம்பெனியில் எது உடைந்தாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்பார்கள். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் மூல காரணம் என்பது அவர்கள் வேதம்.

“பயப்படாதீங்க யாக்கோபு, ரிலாக்ஸ். முதல் ஏன். கொள்ளுத்தாத்தா பேரு ஏன் தெரியல?”

“அப்பா சொல்லல மேடம்.”

“ரெண்டாவது ஏன். அப்பா ஏன் சொல்லல?”

“எனக்கு ஒம்போது வயசுல அவரு பூட்டாரு மேடம்.”

“ஓ, சாரி.” உமாதேவி பலகையில் ‘அப்பா: கையிருப்பில் இல்லை’ என்று எழுதினார். “மூணாவது. தாத்தா உங்க அப்பாவுக்கு ஏன் சொல்லல?”

“பாண்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டாராம்.”

“நாலாவது. ஏன் தொறக்கல?”

“அத வுட்டுட்டு வந்துட்டாரே மேடம்.”

“அஞ்சாவது. ஏன் விட்டுட்டு வந்தாரு?”

“தெர்ல மேடம்.”

“பாத்தீங்களா, மூல காரணம் கெடச்சிடுச்சு!” உமாதேவி அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். மூல காரணம்: தாத்தா பாண்டியை விட்டு வந்தது. திருத்த நடவடிக்கை: தாத்தா பாண்டிக்குத் திரும்ப வேண்டும். இனி நிகழாமல் தடுக்க: எந்தத் தாத்தாவும் முன் அனுமதியின்றி ஊரை விட்டு வரக் கூடாது. பொறுப்பு: யாக்கோபு. கெடு: மார்ச் 25.

“மேடம், தாத்தா செத்து நாப்பது வருசமாச்சு.”

உமாதேவி ஒரு கணம் யோசித்தார். மேலாளர் பதவிக்குச் சும்மாவா வந்தார்? “அப்ப அவருக்குப் பதிலா நீங்க போங்க. நடவடிக்கை எடுத்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க. ஒரு நாள் லீவு உங்க கணக்குல.”

யாக்கோபின் மனைவி இசைவாணி சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு செக் பண்ணுகிறவள். வாய்க்கு வாய் பேசுகிறவள், ஆனால் காரியக்காரி. அவன் கதையைச் சொல்லி முடித்ததும், “உங்க கம்பெனி இன்னா கம்பெனியா, இல்ல பொண்ணு பாக்க வந்த கூட்டமா?” என்றாள். பிறகு வாலாஜாபாத் சர்ச்சுக்குப் போய், ஃபாதரிடம் பேசி, தாத்தாவின் கல்யாணப் பதிவைப் பார்த்துவிட்டு வந்தாள். சவரியான் லமேர், பிறப்பு 1915, பாண்டிச்சேரி என்று அதில் இருந்தது. யாக்கோபின் பெயருக்கு முன்னால் ஸ்கூல் சர்டிபிகேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ‘எல்’ எதைக் குறிக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் ஷிஃப்ட் மாற்றி ஒரு நாளைத் தேற்றிக்கொண்டாள். இருவரும் சிங்கப்பெருமாள்கோவில் வந்து பாண்டி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் வைத்திருக்கும் அந்த அலுவலகம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே ஆள் உயர அலமாரிகளில் பிரெஞ்சுக்காரன் காலத்து நோட்டுகள் தடி தடியாக இருந்தன. மேஜையில் தளவாய் என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக அதே நாற்காலியாம். தலை நிமிராமலே கேட்டார்.

“பாஸ்போர்ட்டா, பென்ஷனா?”

“கீலு சார்” என்றான் யாக்கோபு.

தளவாய் தலை நிமிர்ந்தார். “என்னது?”

“கார் கதவுக் கீலு சார். அதுக்கு பின் இறக்கறேன். அதுக்கோசரம் எங்க எள்ளுத்தாத்தா பேரு வேணுமாம்.”

தளவாய் பேனாவை மூடி வைத்தார். தாத்தாவைத் தேடிக்கொண்டு அங்கே வந்தவர்கள் ஆயிரம் பேர். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு வந்தவர்கள், பட்டாளத்துப் பென்ஷனுக்கு வந்தவர்கள், வீட்டுச் சண்டைக்கு வந்தவர்கள். கதவுக் கீலுக்காக வந்தவன் இவன்தான் முதல். இசைவாணி முழுக் கதையையும் சொன்னாள். மஞ்சள் கட்டம் வரை வந்தபோது தளவாய் பியூனைக் கூப்பிட்டு மூன்று டீ சொன்னார்.

“உக்காருங்கம்மா. கெடைக்கும். இந்த நோட்டுல வெள்ளக்காரன் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கான். ஒண்ணப் புடிச்சா அது இன்னொண்ணக் காட்டும்.”

காட்டியது. 1915-ஆம் வருட நோட்டில் சவரியான் இருந்தார். தகப்பன் அருளப்பன் லமேர், சமையல்காரர், வயது முப்பத்தைந்து. அதை வைத்து 1880-க்குப் போனார்கள். அங்கே அருளப்பன் பிறந்திருந்தார், ஆனால் லமேர் இல்லாமல், வெறும் முத்துவின் மகனாக. பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு, இரண்டு வருடம் தள்ளி இன்னொரு நோட்டைப் பார்க்கச் சொன்னது. தளவாய் ஏணி போட்டு ஏறி அதை எடுத்துவந்தார். தூசி தட்டி, பக்கம் புரட்டி, விரலால் வரி பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினார்.

“இன்னைக்கி எங்க முன்னாடி வந்து நின்னவர் முத்து. வயசு சுமார் முப்பது. கடல் பாலத்துல மூட்டை தூக்குறவர். தனக்காகவும், தன் பெஞ்சாதிக்காகவும், ரெண்டு வயசு ஆண் பிள்ளைக்காகவும், பொறப்போட வந்த வழக்கத்தையும் வரிசையையும் விட்டுட்டதாகவும், இனிமே எல்லாருக்கும் உள்ள சட்டமே தனக்கும்னும் சொல்றாரு. குடும்பப் பேரா லமேர்னு எடுத்துக்கறாரு. லமேர்னா கடலு.”

“கடலா?” என்றாள் இசைவாணி.

“ஆமா. அப்ப அப்படி ஒரு சட்டம் வந்துச்சும்மா. பழசை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் புதுப் பேரு வெச்சுக்கலாம். இன்ன பேருதான்னு கிடையாது. இவரு ஜன்னல்ல தெரிஞ்சதக் காட்டியிருப்பாரு.” தளவாய் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். “தகப்பன் பேரும் தெருவும் கேட்டதுக்கு, சொல்ல விருப்பமில்லைன்னு சொல்லிட்டாரு. கையெழுத்துப் போடத் தெரியாததால கீறல்.”

கீறல் அங்கேயே இருந்தது. பேனாவைப் பிடித்துப் பழகாத கை அழுத்தி இழுத்த ஒரு கோடு, மை சிதறி, காகிதம் கிழிகிற அளவுக்கு.

“ஏன் சார் சொல்லலை?” என்று யாக்கோபு கேட்டான்.

“தெருவச் சொன்னா ஆளு யாருன்னு தெரிஞ்சிடுமேப்பா. அது வேணாம்னுதான வந்து நிக்கிறாரு. சொல்லிட்டா வந்ததுக்கே அர்த்தமில்லையே.”

யாக்கோபு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மாதமும் தன் வம்சத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் தனக்கு மட்டும் இப்படி என்று அவன் உள்ளுக்குள் கூசிக் கிடந்தான். இங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூட்டை தூக்குகிறவன், துரை மேஜை முன்னால் நின்று, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். துரையும் அதை அப்படியே எழுதியிருக்கிறான். யாக்கோபுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“கெத்துய்யா உங்க ஆளு” என்றாள் இசைவாணி.

சான்றளித்த நகலும் தமிழ் மொழிபெயர்ப்பும் மார்ச் இருபத்துநான்காம் தேதியே சுப்பராயலு கைக்குப் போய்விட்டன. நவம்பர் மாதத்துப் பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பி முடித்து, மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கமிட்டி கூடியது. சுப்பராயலு ஒரு பக்கம், உமாதேவி ஒரு பக்கம், நடுவில் மேஜையில் யாக்கோபின் பர்மனென்ட் ஆர்டர், கையெழுத்துப் போடும் இடம் காலியாக. யாக்கோபு டேக்கோடு எதிரே நின்றான். சுப்பராயலு கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஆதாரத்தப் பாத்தோம். நல்ல முயற்சி. ஆனா சீரியஸ் பிரச்சனை இருக்குப்பா. இந்த முத்து, 1882-ல திடீர்னு பேர மாத்தியிருக்காரு, வழக்கத்த மாத்தியிருக்காரு, வரிசைய மாத்தியிருக்காரு. ஒரு சப்ளையர் ஒரு நட்டு மாத்தணும்னாக்கூட மூணு மாசம் முன்னாடி நமக்குக் கடுதாசி குடுக்கணும். இவரு குடுத்தாரா?”

“அப்ப நம்ம கம்பெனி இல்லியே சார்.”

“இல்லதான். அதனால அவர மன்னிச்சு விட்டுடலாமா? இன்னிக்கி முத்துவ மன்னிச்சா நாளைக்கி எல்லாரும் கெளம்பிடுவான். ஆளாளுக்கு என் பழசு எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்தா, யாரு எங்கேருந்து வந்தவன்னு நமக்கு எப்படித் தெரியும்? தெரியாம ஒருத்தன எந்த மெஷின்ல நிறுத்தறது? எந்த டேபிள்ல சாப்பிட வெக்கறது?”

உமாதேவி லேசாக இருமினார். “சார் சொல்றது என்னன்னா, எங்களுக்கு எல்லாரும் சமம். யார் யார் சமம்னு ஒரு ரெக்கார்டு வேணும், அவ்ளோதான்.”

“கரெக்ட்” என்றார் சுப்பராயலு. “முத்து மேல ஒரு திருத்தக் கோரிக்கை போட்டிருக்கேன். எட்டுப் பக்கம். கடல் பாலம், பாண்டின்னு அட்ரஸ் போட்டுக் கூரியர்ல அனுப்பினோம், ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சு. சரி, அத நான் சமாளிக்கிறேன். குலதெய்வத்துக்குச் சர்ச்சுன்னு நானே போட்டுட்டேன். கடைசி வரிசையில ரெண்டே கட்டம் காலி. முத்துவோட அப்பா பேரு, தெரு. அத ரொப்பினா சிஸ்டம் பச்சை காட்டும், மேடம் இங்கியே கையெழுத்துப் போட்டுடுவாங்க. ஏதாவது ஒரு பேரு சொல்லுப்பா. ஆரோக்கியம்னு போடட்டுமா?”

யாக்கோபு ஆர்டரைப் பார்த்தான். தலைகீழாகப் பார்த்தாலும் தன் பெயர் தெரிந்தது. ஒரு பேர். ஒரு தெரு. ஏதாவது ஒன்று. பிரவீன்குமாருக்குக் கவுன்சிலர்கள் பலித்தார்கள். வேலை போனால் இசைவாணியின் ஒற்றைச் சம்பளம், முப்பத்தெட்டு வயது, எந்த கேட்டிலும் நிற்க முடியாத வெயில். எல்லாம் அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தும்விட்டான். ஆரோக்கியம் என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கோடு, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போன அந்தக் கோடு கண்ணில் நின்றது. அந்த மனிதன் மறைத்ததை இவன் கண்டுபிடித்துச் சொன்னாலும் துரோகம். பொய்யாக ஒன்றைச் சொன்னாலும் அதே துரோகம்தான்.

“முடியாது சார்.”

“என்ன முடியாது?”

“அவரே சொல்ல மாட்டேன்னுட்டாரு. நூத்தி நாப்பது வருசம் கழிச்சு நான் யாரு சார் சொல்றதுக்கு? அவரு இன்னா சொன்னாரோ அதையே போட்டுக்கங்க. சொல்ல விருப்பமில்லை.”

சுப்பராயலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்படியெல்லாம் சிஸ்டத்துல போட முடியாதுப்பா. போட்டா சிவப்பு எரியும். நீயே பாரு, உன் கண்ணால பாரு.” கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, யாக்கோபு பார்க்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘சொ’ என்று தட்டியதுமே கட்டத்துக்குக் கீழே ஒரு வரி தானாக வந்து விரிந்தது: ‘சொல்ல விருப்பமில்லை’. சுப்பராயலுவின் விரல் தயங்கி அதைத் தொட்டது. கட்டம் பச்சையானது. தெருவுக்கும் தொட்டார். அதுவும் பச்சையானது. வரிசை பச்சை, பக்கம் பச்சை. மூலையில் ஒரு சின்ன மணி டிங் என்று அடித்து, நூறு சதவீதம் முழுமை, வாழ்த்துகள் என்றது.

உமாதேவி கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார்.

“இது எப்ப வந்துச்சு?” என்றார் உமாதேவி.

சுப்பராயலு உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தார். சாஃப்ட்வேர் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவனிடம் இப்படிக் கேட்டால் வழக்குப் போட்டுவிடுவானாம். அதனால் எல்லாக் கட்டத்துக்கும் அடியில் இதை வைத்தே அனுப்புகிறார்கள். “நாலு வருஷமா இருக்குங்க மேடம்” என்றார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, “நாமதான் கேக்கறதோட நிறுத்திட்டோம், கீழ இறங்கிப் பாக்கல” என்றார்.

விதி விதிதான். பச்சை என்றால் பச்சை. சுப்பராயலு தானே எழுந்து வந்து யாக்கோபின் கழுத்திலிருந்த டேக்கைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் ‘அப்படியே உபயோகிக்கலாம்’ என்று எழுதித் தேதி போட்டு ஃபைலில் கோத்தார். உமாதேவி ஆர்டரில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஒரு நல்ல சிரிப்போடு நீட்டினார். யாக்கோபு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கால் தரையில் இல்லை. இசைவாணிக்குப் போன் போட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“கங்கிராட்ஸ் யாக்கோபு” என்றார் உமாதேவி. பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க ஸ்டோரி ரொம்ப இன்ட்ரஸ்டிங். ஃபார்முக்காக இல்ல, சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தான். வாலாஜாபாத்ல நீங்க எந்தத் தெரு?”

யாக்கோபுக்கு அதில் விகல்பம் எதுவும் தெரியவில்லை. பெரியவர்கள் ஒன்றைக் கேட்டால் பதிலுக்கு நாமும் அதையே விசாரிப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவன் அவன்.

“மேடம், உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?” என்றான்.

உமாதேவியின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் எல்லாரும் பார்த்தார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, அறைக்கு வெளியே ஷாப் வரை கேட்கும் குரலில் சொன்னார்:

“அதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க யாக்கோபு? எவ்ளோ அநாகரிகமா இருக்கு! வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

யாக்கோபு ஆர்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

“அதான் மேடம், எனக்கும் தெர்ல” என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போனான்.